கச்சான் உடைக்கும் இயந்திரத்துக்குச் சர்வதேச விண்ணப்பம்: இணையவழியில் அனுப்புவதும் அதன்பின் வரும் கடிதங்களும்

கேள்வி: விசுவமடு வாசகி

அனைவருக்கும் வணக்கம். எனது தந்தையார் விசுவமடுவில் இரும்புப் பட்டறை வைத்திருக்கிறார். பெரியதும் சிறியதுமாகக் கலந்து கிடக்கும் கச்சானை ஒரே ஓட்டத்தில், பருப்புப் பிளக்காமல் உடைக்கும் இயந்திரம் ஒன்றை அவர் மூன்று ஆண்டுகளாகத் திருத்தித் திருத்திச் செய்து முடித்தார். அதற்கான காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்ற ஆண்டு நவம்பர் 18ஆம் திகதி கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் நாங்கள் இருவரும் நேரில் போய்க் கொடுத்தோம். வெளிநாடுகளிலும் உரிமை கோர விரும்பினால் 12 மாதங்களுக்குள் பி.சி.ரி. எனப்படும் காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையின் கீழ் விண்ணப்பிக்கலாம் என்றும், அதை உலக புலமைச் சொத்து நிறுவனத்தின் ஈ-பி.சி.ரி. இணையத்தளம் ஊடாக வீட்டிலிருந்தே செய்யலாம் என்றும் அறிந்தேன். இன்னும் ஐந்து வாரங்களே இருக்கின்றன.

எனக்குள்ள முதலாவது கவலை மின்னஞ்சலைப் பற்றியது. கொழும்பு விண்ணப்பத்தைத் தட்டச்சுச் செய்து தந்த கொமினிகேசன் கடைக்காரர், எங்களிடம் மின்னஞ்சல் இல்லாததால் தாமே ஒன்றை உருவாக்கி அதில் போட்டுவிட்டார். அவர் இப்போது வெளிநாடு சென்றுவிட்டார். கடவுச்சொல் எங்களிடம் இல்லை. அந்தக் கணக்கை மீட்பதற்குக் கொடுத்திருந்த தொலைபேசி இலக்கமும் இயங்குவதில்லை. அந்த முகவரிக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்பதை அறியவே எங்களுக்கு வழியில்லை. புதிய விண்ணப்பத்திலும் இந்தத் தவறு நேரக்கூடாது என்று நினைக்கிறேன்.

இரண்டாவதாக, நவம்பர் மாதத்தில் எங்கள் பக்கம் மழையும் வெள்ளமும் மின்தடையும் வழக்கமானவை. கடைசி நாளில் இணையம் இல்லாமற்போனால் சட்டம் அதை ஏற்றுக்கொள்ளுமா? மூன்றாவதாக, கனடாவில் இருக்கும் எனது மாமா செலவைத் தாம் ஏற்பதாகவும், தமது பெயரையும் விண்ணப்பதாரர்களுள் ஒன்றாகச் சேர்க்கும்படியும் கேட்கிறார். இதனால் ஏதும் பாதகம் உண்டா? விண்ணப்பம் கொடுத்த பின்னர், பங்குனி மாதத்தில், இயந்திரம் ஓடுவதை ஒளிப்பதிவு செய்து முகநூலில் போட்டிருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: அறிவியல் நகர் பணியாளர்

சகோதரி, நீங்கள் கடைசியாக ஒரு வரியில் சொன்ன ஒளிப்பதிவிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் நவம்பர் 18 ஏன் தவறக்கூடாத நாள் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. சர்வதேச விண்ணப்பம் 12 மாதங்களுக்குள் போய்ச் சேர்ந்தால், உங்கள் கண்டுபிடிப்பின் புதுமை கொழும்பில் விண்ணப்பித்த நாளை வைத்தே அளக்கப்படும்; இதையே முன்னுரிமை என்பார்கள். பங்குனியில் வெளியான ஒளிப்பதிவு அதற்குப் பிந்தியது என்பதால் தீங்கில்லை. அந்த முன்னுரிமையை இழந்தால் உங்கள் சொந்த ஒளிப்பதிவே உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும். கண்டுபிடித்தவர் தாமே வெளியிட்டதற்கு ஓராண்டு வரை விலக்கு அளிக்கும் நாடுகள் உண்டு என்றாலும், ஐரோப்பாவில் அத்தகைய பொதுவான விலக்கு இல்லை.

கடைசி நாளைப் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் ஈ-பி.சி.ரி. வழியாக உலக புலமைச் சொத்து நிறுவனத்தின் ஜெனீவாவிலுள்ள சர்வதேசப் பணியகத்தையே பெறும் அலுவலகமாக, அதாவது விண்ணப்பத்தை ஏற்கும் அலுவலகமாக, தெரிவுசெய்தால், விண்ணப்பம் பெறப்பட்ட திகதி ஜெனீவா நேரப்படி கணக்கிடப்படும். நவம்பரில் அவர்களுடைய கடிகாரம் நம்முடையதைவிட நான்கரை மணித்தியாலம் பின்தங்கியிருப்பதால், அங்கே 18ஆம் திகதி முடியும்போது இங்கே 19ஆம் திகதி அதிகாலை 4.30 ஆகியிருக்கும். இதை ஒரு ஆறுதலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், திட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள். விடுமுறை விடயத்திலும் இதே கவனம் வேண்டும்: கால எல்லை அலுவலகம் மூடியிருக்கும் நாளில் முடிந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளப்படும், ஆனால் அங்கே கணக்கில் வருவது ஜெனீவாவின் விடுமுறையே, நமது போயா தினமோ தீபாவளியோ அதில் சேராது.

வெள்ளமும் மின்தடையும் வந்தால் என்ன என்பதற்கு விதிகளில் இரண்டு வெவ்வேறு விடைகள் உள்ளன. பலர் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். போர், இயற்கை அனர்த்தம், கொள்ளைநோய், மின்னணுத் தொடர்பாடல் சேவைகள் பரவலாகக் கிடைக்காமற்போதல் ஆகிய காரணங்களால் ஒரு கால எல்லை தவறினால், அது முடிந்து ஆறு மாதங்களுக்குள் சான்றுடன் விளக்கம் அளித்து மன்னிப்புக் கோரலாம் என்று பி.சி.ரி. விதி 82 குவாட்டர் கூறுகிறது. இங்கே ‘பரவலாக’ என்ற சொல்லை ஊன்றிப் படிக்க வேண்டும். ஒரு பிரதேசம் முழுவதும் தொடர்பற்றுப் போயிருக்க வேண்டுமே தவிர, ஒரு வீட்டின் றூட்டர் பழுதடைந்தது போதாது. அதைவிட முக்கியமானது, 12 மாத முன்னுரிமைக் காலத்துக்கு இந்த விதி பொருந்தாது என்பது. முன்னுரிமைக் காலம் தவறினால் உள்ள ஒரே வழி, அது முடிந்த நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் சர்வதேச விண்ணப்பத்தைக் கொடுத்து, உரிய கவனம் எடுத்தும் தவறியது அல்லது வேண்டுமென்று தவறவிடவில்லை என்ற காரணத்தைக் காட்டி, முன்னுரிமையை மீளத் தரும்படி கேட்பதுதான். ஜெனீவா அலுவலகம் இவ்விரண்டு அளவுகோல்களையும் ஏற்கிறது என்றாலும், அங்கே கிடைத்த முன்னுரிமையைப் பின்னர் எல்லா நாடுகளும் ஏற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே நவம்பர் 18 என்பதை உங்கள் நாட்காட்டியில் நவம்பர் 4 என்று மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். நான் பணிசெய்யும் ஆய்வுக்குழுவில் இரண்டு வாரம் முன்னதாகவே அனுப்புவது எழுதப்படாத சட்டமாக இருக்கிறது. மாரி காலத்தில் அந்த இரண்டு வாரம் எத்தனை தடவை எங்களைக் காப்பாற்றியது என்பதை நாங்கள்தான் அறிவோம்.

இனி மின்னஞ்சல். உங்கள் கேள்விகளுள் மிகக் கனமானது இதுதான். விண்ணப்பப் படிவத்தில் முகவரிப் பகுதியின் கீழ், அறிவித்தல்களை மின்னஞ்சலில் முன்பிரதியாக அனுப்பி அதன்பின் கடதாசியிலும் அனுப்புவதா, மின்னஞ்சலில் மட்டும் அனுப்புவதா என்று ஒரு தெரிவு இருக்கும். இரண்டாவதைத் தெரிவுசெய்தால் கடதாசிக் கடிதம் எதுவும் வராது. வன்னிக்குத் தபால் வந்து சேரும் வேகத்தை நினைத்தால் மின்னஞ்சலே சிறந்தது என்பது எனது கருத்து. ஆனால் அந்த முகவரி உங்கள் தந்தையாரின் பெயரில், உங்கள் கையில், இன்னும் பத்து ஆண்டுகள் இருக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கடைக்காரர், மாணவர், உறவினர் என்று எவருடைய முகவரியையும் கொடுக்காதீர்கள். நீங்கள் மடலைத் திறந்து பார்க்கும் நாளுக்காகக் காலக்கெடு காத்திருப்பதில்லை. கடிதத்தில் உள்ள திகதியிலிருந்தே அது ஓடத் தொடங்கிவிடும்.

ஈ-பி.சி.ரி.க்குள் நுழைவதற்குக் கடவுச்சொல்லுடன் இரண்டாவது சரிபார்ப்பும் தேவை. கைத்தொலைபேசிச் செயலி தரும் ஒருமுறைக் குறியீட்டையும் குறுஞ்செய்திக் குறியீட்டையும் இரண்டையுமே பதிவுசெய்து வையுங்கள். சிம் அட்டை செயலிழந்தாலோ தொலைபேசி தொலைந்தாலோ ஒன்று மற்றதற்குக் கைகொடுக்கும். அடுத்து, அந்தத் தளத்தில் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் உரிமையாளர், திருத்துநர், பார்வையாளர் என்று மூன்று நிலை அனுமதிகள் உண்டு. நீங்களும் தந்தையாரும் தனித்தனிக் கணக்குத் தொடங்கி, இருவருமே உரிமையாளர் நிலையில் இருங்கள். ஒருவரே உரிமையாளராக இருந்து அவருடைய கணக்கு முடங்கிப்போனால், மீண்டும் அனுமதி பெறுவதற்கே நாட்கள் கழியும்.

கொழும்பு விண்ணப்பத்தின் முகவரியை உடனே, அதாவது இந்த வாரமே, மாற்றுங்கள். ஜெனீவாவில் நீங்கள் கொடுக்கும் புதிய முகவரி கொழும்புக் கோப்புக்குத் தானாகப் போய்ச் சேராது. விண்ணப்ப இலக்கத்தைக் குறிப்பிட்டு, பழைய மின்னஞ்சல் இப்போது பயன்பாட்டில் இல்லை என்றும், இதுவரை அனுப்பப்பட்ட கடிதங்களின் பிரதிகள் வேண்டும் என்றும் எழுதி நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரையை வாங்குங்கள். கொழும்பு 10, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள அந்த அலுவலகத்துக்கு எப்படியும் நீங்கள் ஒரு தடவை போகத்தான் வேண்டும், ஏனெனில் முதல் விண்ணப்பத்தின் சான்றுப்படுத்திய பிரதி ஒன்று உங்களுக்குத் தேவை. முன்னுரிமை ஆவணம் எனப்படும் அதனை முன்னுரிமைத் திகதியிலிருந்து 16 மாதங்களுக்குள், உங்கள் விடயத்தில் வரும் மார்ச் 18ஆம் திகதிக்குள், ஜெனீவாவில் சேர்ப்பிக்க வேண்டும். முத்திரையிட்ட அந்தத் தாளை நீங்களே ஸ்கேன் செய்து தளத்தில் ஏற்றினால் செல்லாது; அசலையே அனுப்ப வேண்டும். எல்லாம் இணையத்தில் நடக்கும் இந்த முறையில் கூரியரில் போயே ஆகவேண்டிய தாள் இது ஒன்றுதான், பலர் மறந்துவிடுவதும் இதைத்தான்.

மாமாவின் பெயரைப் பற்றி: இலங்கையின் பிரசைகளாகவும் இலங்கையில் வசிப்பவர்களாகவும் உள்ள தனிநபர்கள் மட்டும் விண்ணப்பதாரர்களாக இருந்தால் சர்வதேச விண்ணப்பக் கட்டணத்தில் 90 வீதம் கழிக்கப்படும். விண்ணப்பதாரர்கள் ஒவ்வொருவரும் அந்தத் தகுதியுடையவராக இருக்க வேண்டும் என்பதால், கனடாவில் வசிக்கும் ஒருவரைச் சேர்த்த உடனேயே சலுகை முழுவதும் போய்விடும். பெயரைச் சேர்க்காமல் இலாபத்தில் பங்கு மட்டும் தருவதாக ஒப்பந்தம் செய்தாலும், விண்ணப்பத்தால் நன்மை பெறும் உரித்துடையவர்களுள் தகுதியற்றவர் எவரும் இருக்கக்கூடாது என்ற நிபந்தனை குறுக்கே நிற்கும். மாமா பணத்தை அன்பளிப்பாகவோ கடனாகவோ தந்தால் சிக்கல் இல்லை. இத்தகைய கண்டுபிடிப்பு முன்பே இருந்ததா என்று தேடிப் பார்ப்பதற்கான தேடல் கட்டணத்துக்கு இந்த 90 வீதம் பொருந்தாது என்பதையும், அது நீங்கள் தெரிவுசெய்யும் தேடல் அலுவலகத்தைப் பொறுத்துப் பெரிதும் மாறும் என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கட்டணங்களைச் செலுத்தலாம். உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்பதை இப்போதே கேட்டு வையுங்கள்.

பதில்: மல்லாவி உழவர்

பிள்ளை, மேலே சொன்னவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தியவுடன் வேலை முடிந்தது என்று நினைத்து நான் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன்.

வயலில் நாற்று நடும் கருவி ஒன்றுக்கு நான் சர்வதேச விண்ணப்பம் அனுப்பினேன். கருவியை விளக்கும் விவரணமும், எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் உரிமைக் கோரிக்கைகளும், வரைபடங்களும் வெவ்வேறு கோப்புகளாக இருந்தன. இணையம் இடையிடையே அறுந்ததால் ஏற்றுவதும் நிறுத்துவதுமாக இரவு பதினொரு மணியாயிற்று. விண்ணப்ப இலக்கம் திரையில் வந்ததும் கணினியை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். வரைபடம் 3, 4 உள்ள தாள்கள் போகவில்லை என்பது எனக்குத் தெரியாது. பெறும் அலுவலகம் அதைக் கண்டு மடல் அனுப்பியிருந்தது; அது எனது மின்னஞ்சலின் எரித மடல் (ஸ்பாம்) பெட்டிக்குள் போய்க் கிடந்தது. வேறு எதையோ தேடும்போது நாற்பதாம் நாளில் அதைப் பார்த்தேன்.

விடுபட்ட பகுதிகளைச் சேர்ப்பதற்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. ஆனால் வெறுமனே சேர்த்தால் விண்ணப்பத் திகதியே அந்தத் தாள்கள் போய்ச் சேர்ந்த நாளுக்கு மாறிவிடும். எனது 12 மாதம் அதற்குள் முடிந்துபோயிருந்தது. என்னைக் காப்பாற்றியது, அதே வரைபடங்கள் கொழும்பில் கொடுத்த முதல் விண்ணப்பத்தில் முழுமையாக இருந்தமைதான். முன்னைய விண்ணப்பத்தில் உள்ளதைச் சுட்டுதல் மூலம் உள்ளடக்கிக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருக்கிறது; அந்த வரைபடங்கள் அதில் எந்தப் பக்கங்களில் உள்ளன என்று குறிப்பிட்டு, அதன் பிரதியையும் அனுப்பினால் பழைய திகதி மாறாது. அப்படித்தான் தப்பினேன்.

ஆகையால், அனுப்புவதற்கு முன் தளம் காட்டும் முன்னோட்டப் பிரதியைத் தரவிறக்கி, அச்சிட்டு, ஒவ்வொரு தாளையும் எண்ணுங்கள். அனுப்பிய பின் கிடைக்கும் பெறுகைச் சீட்டில் உள்ள பக்க எண்ணிக்கை அதனுடன் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். வாரத்துக்கு ஒரு நாளைக் குறித்து வைத்து, மின்னஞ்சலை நம்பாமல் ஈ-பி.சி.ரி.க்குள்ளேயே நுழைந்து ஆவணப் பட்டியலைப் பாருங்கள். மடல் வழி தவறினாலும் ஆவணம் அங்கே இருக்கும். நான் வெள்ளிக்கிழமைகளில் பார்க்கிறேன்.

இன்னொன்று. முன்னுரிமைத் திகதியிலிருந்து 18 மாதங்கள் கடந்ததும் விண்ணப்பம் வெளியிடப்படும். உங்கள் பெயரும் முகவரியும் உலகம் முழுவதற்கும் தெரியும். அதன்பின் அழகான சின்னமும் விண்ணப்ப இலக்கமும் கண்டுபிடிப்பின் தலைப்பும் சரியாக அச்சிடப்பட்ட கடிதம் ஒன்று வரும், ‘பதிவுக் கட்டணம்’ என்று ஆயிரக்கணக்கான டொலர் கேட்டு. எனக்கு வந்தது; மருமகனிடம் கடன் வாங்கவும் ஆயத்தமாகிவிட்டேன். வெளியீட்டுக்கென்று சர்வதேசப் பணியகம் தனியாகக் கட்டணம் எதுவும் அறவிடுவதில்லை. இத்தகைய போலிக் கடிதங்களின் மாதிரிகளை உலக புலமைச் சொத்து நிறுவனம் தனது இணையத்தளத்தில் வெளியிட்டு வைத்திருக்கிறது. ஈ-பி.சி.ரி.யில் உங்கள் கோப்புக்குள் காணப்படாத எந்தக் கட்டண அறிவித்தலுக்கும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

பதில்: வவுனியா மொழிபெயர்ப்பாளர்

விவரணத்தை எந்த மொழியில் தயாரித்திருக்கிறீர்கள் என்று சகோதரி குறிப்பிடவில்லை. ஜெனீவா அலுவலகம் விவரணத்தையும் உரிமைக் கோரிக்கைகளையும் எந்த மொழியிலும் பெற்று விண்ணப்பத் திகதி வழங்கும்; தமிழும் இதற்கு விலக்கல்ல. விண்ணப்பப் படிவம் மட்டும் பி.சி.ரி. வெளியீட்டு மொழிகள் பத்தில் ஒன்றில், நமக்கு வசதியாக ஆங்கிலத்தில், இருக்க வேண்டும். தமிழில் கொடுத்தால் ஒரு மாதத்துக்குள் தேடல் அலுவலகம் ஏற்கும் மொழியில் மொழிபெயர்ப்பைத் தர வேண்டும். அவசரத்தில் ஒருவருடைய ஆங்கிலம் பிழையாகிவிடும் என்ற அச்சம் இருந்தால், தமக்குத் தெரிந்த மொழியில் தெளிவாக எழுதிக் கொடுத்துத் திகதியைக் காப்பாற்றிக்கொள்ள இது ஒரு நேர்மையான வழி என்றே நான் கருதுகிறேன்.

தமிழில் கொடுப்பவர்கள் எழுத்துருவில் கவனமாக இருக்க வேண்டும். நமது பகுதியில் இன்றும் பலர் பாமினியில் தட்டச்சுச் செய்கிறார்கள். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஆவணம் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். யூனிகோடில் தட்டச்சுச் செய்து, எழுத்துரு உட்பொதிக்கப்பட்ட பி.டி.எஃப். கோப்பாக மாற்றி, அதை வேறொரு கணினியிலும் திறந்து பார்த்த பின்னரே ஏற்றுங்கள். விவரணத் தாள் ஏ4 அளவிலும், இடது ஓரம் 2.5 சென்ரிமீற்றரும் மற்றைய ஓரங்கள் 2 சென்ரிமீற்றரும் விட்டதாகவும் இருக்க வேண்டும். வரைபடங்கள் கறுப்புக் கோட்டில் வரையப்பட்டவையாக இருக்கட்டும். கைத்தொலைபேசியில் எடுத்த நிறப்படங்களை அனுப்பினால் வெளியீட்டில் அவை கறுப்பு வெள்ளையாகி, உருளைக்கும் சல்லடைக்கும் இடையிலுள்ள இடைவெளி போன்ற நுட்பமான இடங்கள் மை பூசியது போலாகிவிடும். உங்கள் இயந்திரத்தின் உயிரே அந்த இடைவெளியில்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

விசுவமடு வாசகி

ஐயா அவர்களுக்கும் மற்றைய இருவருக்கும் நன்றி. ஊகம் சரி, இடைவெளி தானாக விரிந்து சுருங்குவதுதான் தந்தையாரின் கண்டுபிடிப்பு. விவரணம் ஆங்கிலத்தில் இருக்கிறது. கிளிநொச்சியில் படிக்கும் மாணவர் ஒருவர் எழுதித் தந்தார்.

தந்தையார் பெயரில் மின்னஞ்சல் தொடங்கி, மீட்பு இலக்கமாக அவருடைய தொலைபேசியையும் மீட்பு முகவரியாக என்னுடையதையும் கொடுத்துவிட்டேன். கடவுச்சொல்லைப் பட்டறைக் கணக்குப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுத முற்பட்டார்; காணி உறுதி இருக்கும் பெட்டிக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாமாவிடம் 90 வீதத்தைப் பற்றிச் சொன்னபோது, தமது பெயர் வேண்டாம் என்றும், பணத்தைத் திருப்பித் தரவும் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை அதிகாலை பேருந்தில் கொழும்பு போகிறோம், முகவரி மாற்றக் கடிதத்துடனும் சான்றுப்படுத்திய பிரதிக்கான கோரிக்கையுடனும். சான்றுப்படுத்திய பிரதியை இரண்டாக வாங்குவது நல்லதா?

அறிவியல் நகர் பணியாளர்

இரண்டாக வாங்குங்கள். ஒன்று ஜெனீவாவுக்குப் போகட்டும். கூரியர் வழியில் தொலைந்தால் மறுபடியும் கொழும்புக்கு ஓட வேண்டியிருக்காது. முத்திரை இரண்டிலும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று கருமபீடத்தை விட்டு விலகுமுன் பாருங்கள்.